ஐந்தாவது ஆள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் சுகம். உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாயா, இல்லை வழக்கம்போல் அதையும் தள்ளிப் போட்டிருக்கிறாயா? போனில் கேட்டால் "அப்புறம் பேசறேன்க்கா" என்பாய். காகிதத்தில் கேட்டால் தப்பிக்க முடியாது.

படகுத்துறையில் ஒரே பேச்சுதான். நட்டத்தில் ஓடும் படகுகளை நிறுத்தும் மசோதா இந்த மாதக் கடைசியில் சபைக்கு வருகிறதாம். நம் படகும் அதில் உண்டு. போன ஞாயிறு நம் தொகுதி உறுப்பினர், உங்கள் ஐயா, துறைக்கு வந்தார். நீ அவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பதால் உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், இங்கே அவருக்குக் கைகுலுக்கி என்று பெயர். கயிறு கட்டுகிறவர் முதல் என் ஜெராக்ஸ் கடையில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் வரை ஒரு கையையும் விடவில்லை. மாமா படகின் எஞ்சின் அறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்தார், அதையும் பிடித்துக் குலுக்கினார்.

மாமா நேராகவே கேட்டுவிட்டார். நீ விடுமுறையில் வந்தபோது சொன்னாயே, சபையில் 'ஆம்', 'இல்லை' என்று கத்தியே காரியத்தை முடித்துவிடுவார்கள், ஆனால் ஐந்து பேர் எழுந்து நின்றால் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டு எண்ணித்தான் ஆக வேண்டும் என்று. அதை மனதில் வைத்திருக்கிறார். "அந்த அஞ்சு பேர்ல நீங்க நிப்பீங்களா ஐயா?" என்றார். "முதல் ஆளா நிப்பேன்" என்றார் கைகுலுக்கி.

இதை உன்னிடம் சொல்லக் காரணம் உண்டு. பெரிய துறைமுகத்தில் இழுவைக் கப்பலுக்கு எஞ்சின் ஆள் வேண்டுமென்று மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மே பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். படகு நிற்கும் என்றால் போய்த்தான் ஆக வேண்டும். அவர் வயதில் இன்னொரு தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள். படகு ஓடும் என்றால் அவர் இந்தத் துறையை விட்டு அசைய மாட்டார். உங்கள் ஐயாவை நம்பலாமா?

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா


மார்ச் 15

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம், என் பல் நலமில்லை. மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படிக்கட்டு வேண்டாம் என்றால் எஞ்சின்காரர் கேட்கவா போகிறார்.

கைகுலுக்கி என்ற பெயரைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இங்கிருந்து போகும் ஒவ்வொரு உறையும் தபால்தலை இல்லாமல் ஐயாவின் இலவசத் தபாலில் போகிறது, வருவதும் போவதும் எங்கள் செயலர் கண்ணைத் தாண்டாது. அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். அது அவருக்கே தெரியும்.

என் வேலையைக் கேட்டால் நீ சிரிப்பாய். ஐயாவுக்கு வரும் கடிதங்களை இரண்டு தட்டாகப் பிரிக்கிறோம். மசோதா வேண்டாம் என்பவர்கள் வலது தட்டு, வேண்டும் என்பவர்கள் இடது தட்டு. காலையில் வலது தட்டின் கண்ணீரைத் துடைப்பேன், மதியத்துக்கு மேல் இடது தட்டின் தோளைத் தட்டுவேன். இரண்டிலும் பொய் கிடையாது. ஐயா 'உணர்ந்திருக்கிறார்', 'கவனத்தில் கொண்டிருக்கிறார்', அவ்வளவுதான். தொகுதி மக்களுக்குப் போகும் செய்திமடலையும் நானே எழுதுகிறேன். அச்சகம் பத்து நாள் கேட்பதால், நடக்கப் போவதை நடந்ததாகவே எழுதி இப்போதே கொடுத்துவிட்டேன்.

மாமாவிடம் சொல். நாலு உறுப்பினர்கள் நிற்பதாக ஏற்கெனவே உறுதி சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாவது எங்கள் ஐயா. பெயர் சொல்லி எண்ணினால் ஆற்றங்கரை ஊர்களின் உறுப்பினர்கள் எவரும் துணிந்து 'ஆம்' சொல்ல மாட்டார்கள், மசோதா அங்கேயே படுத்துவிடும். இதை ஐயா சொல்லவில்லை, உன் தம்பி சொல்கிறேன்.

ஜூலையில் என் வேலை நிரந்தரம் ஆகும் என்று பேச்சு. 

என்றும் உன்
தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

சுகம்தானே. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

மசோதா நிறைவேறிவிட்டது என்று பத்திரிகையில் பார்த்தோம். நாலு வரிச் செய்தி. குரல் வாக்கெடுப்பாம். பெயர் சொல்லி எண்ணக் கேட்டு நாலு பேர்தான் நின்றார்களாம், ஒரு ஆள் குறைந்ததால் எண்ணவில்லையாம். நாலு பேர் யார் என்று போடவில்லை. சபைக் குறிப்பிலும் ஐந்து சேராவிட்டால் பெயர் ஏறாது என்று நூலகத்தில் சொன்னார்கள்.

மாமா அந்தத் துண்டை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். வேறு யாரோ ஒருவன் காலை வாரிவிட்டான், நம் ஆள் நின்றிருப்பார் என்கிறார். அப்படியென்றால் அவர் இன்னும் நமக்காகப் போராடுவார், மந்திரி நினைத்தால் நம் துறைக்கு விலக்குத் தரலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாம்.

எனக்கு ஒரே கேள்விதான். அந்த நாலு பேரில் அவர் உண்டா?

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 9

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பல்லைப் பிடுங்கியாயிற்று. மரத்துப்போக ஊசி போட்டும் உயிர் போய் வந்தது. டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண், "கத்தாதீங்க சார், வெளிய ஆளுங்க உக்காந்திருக்காங்க" என்கிறாள். இடது கன்னம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. அறை மாறிவிட்டேன், புது அறையில் ஜன்னல் இருக்கிறது. நீ கொடுத்த போர்வை இங்கே தேவைப்படவில்லை.

சபையில் நிலைமை சிக்கலாக இருந்தது. ஐயா தம் நிலையில் உறுதியாகவே இருக்கிறார். விலக்குப் பற்றி மந்திரியிடம் பேசவிருக்கிறார். செய்திமடல் பிரதி ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். முழங்காலுக்குத் தைலம் அனுப்பட்டுமா?

தம்பி


ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

பல் போனது நல்லது. தைலம் வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது.

செய்திமடலைப் பார்த்ததும் இது உன் கை என்று தெரிந்துவிட்டது. "ஆற்றங்கரை மக்களின் மூச்சு என் நெஞ்சில் இருக்கிறது. அந்த மூச்சை அடைக்க வந்தார்கள்; நான் எழுந்து நின்றேன்." பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கினவன் ஆயிற்றே. படித்துவிட்டு எனக்கே கண் கலங்கியது. என் தம்பி எழுதியது என்று சொல்லிச் சொல்லி, கேட்டவருக்கெல்லாம் பிரதி போட்டுக் கொடுத்தேன். டோனர் ஒரு டப்பா தீர்ந்தது. டிக்கெட்காரர் தன் ஜன்னலில் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார். படகு ஏறுகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்.

இனி நடந்ததைக் கேள். அக்கரையில் பஸ் விடுகிற முதலாளி நேற்று என் கடைக்கு வந்தார். படகு நின்றால் அத்தனை பேரும் பாலம் சுற்றி அவர் பஸ்ஸில்தானே போக வேண்டும், மசோதா வேண்டுமென்று எழுதியிருப்பார் போல. ஐயாவிடமிருந்து பதில் வந்திருக்கிறது, அதைப் பிரதி எடுக்கக் கொண்டுவந்தார். ஊரில் இருப்பது என் கடை ஒன்றுதானே. கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போது கண் படாமல் இருக்குமா? "மசோதாவுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள்" என்று இருந்தது. அதுவும் உன் கைதான், தம்பி. அந்தத் 'தாங்கள்' கூட உன்னுடையது.

அச்சில் 'எழுந்து நின்றேன்' என்கிறார். பஸ்காரரிடம் 'குறுக்கே நிற்கவில்லை' என்கிறார். நீயோ பல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், கேட்டதற்கு ஒரு வரி இல்லை.

இதை மாமாவிடம் நான் சொல்லவில்லை. மே பதினைந்து நெருங்குகிறது. நின்றாரா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

அக்கா


மே 5

தம்பிக்கு,

சுகமா? கடிதம் கிடைத்ததா? துறைமுகத்திலிருந்து மாமாவுக்கு நினைவூட்டி ஆள் அனுப்பியிருந்தார்கள். அவர் உன் பதிலுக்காகக் காத்திருக்கிறார். "ஐயா சொல்றது இருக்கட்டும், மச்சான் என்ன சொல்றான்னு பாப்போம்" என்கிறார்.

அக்கா


மே 10

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். வேலைப் பளுவால் தாமதம், மன்னித்துக்கொள். ஐயா மந்திரியைப் பார்த்துப் பேசியிருக்கிறார். நல்லபடி முடியும் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். மாமா எதற்கும் அவசரப்பட வேண்டாம்.

உடல்நலம் பேணவும்.

தம்பி


மே 18

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். 'அவசரப்பட வேண்டாம்' என்று நீ எழுதியதை மாமா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு துறைமுகத்துக்கு வர இயலாது என்று எழுதிப் போட்டுவிட்டார். வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். நான் தூங்கவில்லை.

நீ 'நல்லபடி முடியும்' என்று எழுதவில்லை. 'என்று எல்லாரும் சொல்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறாய். உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு நீ மென்று விழுங்குவது தெரியாதா?

அக்கா


ஜூன் 1

அக்கா,

இந்த உறையில் தபால்தலை இருப்பதைப் பார்த்திருப்பாய். தெருமுனையில் நானே வாங்கி ஒட்டினேன். கத்தரிக்கோல் படிக்காமல் உனக்கு வரும் முதல் கடிதம் இதுதான்.

நாலு பேரில் ஐயா இல்லை.

அன்று மதியம் நானும் அவரும் கேன்டீனில் இருந்தோம். வாக்கெடுப்பு என்றால் கட்டடம் முழுவதும் மணி அடிக்கும், செவிடனுக்கும் கேட்கும். நான் எழுந்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "எதிர்த்தா கட்சி கோவிக்கும், ஆதரிச்சா ஊர் கோவிக்கும். டீ குடிச்சா யாரும் கோவிக்க மாட்டாங்க. இந்த மணி எனக்குக் கேக்கல. உனக்கும் கேக்கல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கேன்டீன் ஒலிபெருக்கியில் சபாநாயகர் குரல் வந்தது. "நால்வர் மட்டுமே நிற்கிறார்கள், ஐந்தாவது உறுப்பினர் உண்டா?" என்று இரண்டு முறை கேட்டார். ஐயா எனக்கு இன்னொரு பிஸ்கட்டை எடுத்து வைத்தார்.

செய்திமடல் அதற்கு முன்பே அச்சாகிவிட்டது. எழுதியபோது அது பொய்யில்லை அக்கா. மறுநாள் காலையில் கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. நிறுத்தலாமா என்று கத்தரிக்கோலிடம் கேட்டேன். "அச்சுக்கூலி உன் சம்பளத்துல பிடிக்கவா?" என்றார். ஒவ்வொன்றாக உறையில் போட ஆரம்பித்தேன்.

மந்திரியை ஐயா பார்க்கவே இல்லை. விலக்கு ஒன்றும் வரப் போவதில்லை. ஜூலைக் கடைசியோடு படகு நிற்கும். மே பத்தாம் தேதி இதை எழுத உட்கார்ந்தேன். கத்தரிக்கோல் மேஜைக்கு எதிரில் நின்றார். அன்றே ஒரு தபால்தலை வாங்கியிருக்கலாம் என்று நீ கேட்பாய். வேலை போய்விடுமே என்று பயந்தேன்.

மாமாவுக்கு இதை நீயே வாசித்துக் காட்டு.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்தேன். கேட்டு முடித்துவிட்டு எஞ்சினுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று போய்விட்டார். ஜூலையோடு நிற்கப் போகிற எஞ்சினுக்கு எண்ணெய் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தக் காகிதம் தாங்காது. கைகுலுக்கி ஊரானை ஏமாற்றினார். நீ யாரை ஏமாற்றினாய்?

இருபத்திரண்டாம் தேதி உங்கள் ஐயா இங்கே மக்கள் சந்திப்புக் கூட்டம் வைத்திருக்கிறாராம். நீயும் வருவாய் என்று நோட்டீஸில் இருக்கிறது. மாமா எழுந்து கேட்கப் போகிறார், "நீங்க நின்னீங்களா?" என்று. அவ்வளவுதான் கேட்பாராம்.

அக்கா


ஜூன் 14

அக்கா,

காலைப் பிடித்துக் கேட்கிறேன். மாமா கேட்க வேண்டாம். கேட்டால் ஐயா என்னைத்தான் கை காட்டுவார், அவர் பழக்கம் எனக்குத் தெரியும். ஜூலை முதல் தேதி என் நிரந்தர உத்தரவில் கையெழுத்தாகிறது. படகு எப்படியும் நிற்கத்தான் போகிறது. மாமா கேட்பதால் அது ஓடப் போவதில்லை. என் சம்பளத்தில் மாதா மாதம் உங்களுக்கு அனுப்புகிறேன். இந்த ஒரு தடவை விட்டுவிடச் சொல்.

தம்பி


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியவில்லை. உன் புது அறைக்கே போடுகிறேன். நீ அங்கே இருக்கிறாயா, சாப்பிட்டாயா என்று முதலில் எழுது.

உன் கடைசிக் கடிதத்தை மாமா வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வாங்கி மடித்துத் தந்தார். "அவன் பிழைப்புல நான் மண்ணைப் போடல" என்றார். சொன்னபடியே கூட்டத்தில் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீ மேடையிலிருந்து எங்களைப் பார்த்ததை நானும் பார்த்தேன். நீ தப்பித்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

டிக்கெட்காரர் எழுவார் என்று யார் கண்டது. அவர் சண்டைக்கு எழவில்லை. "அந்த நாலு பேர்ல நீங்க ஒருத்தர்னு உங்க வாயால சொல்லுங்கய்யா, கை தட்டணும் நாங்க" என்றார். கைகுலுக்கி எவ்வளவு அழகாகச் சிரித்தார். "நானே சொன்னா தற்பெருமை. கூட இருந்த பையன் சொல்லட்டும், உங்க ஊர்ப் பிள்ளைதானே" என்று மைக்கை உன் கையில் கொடுத்தார்.

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜூலை முதல் தேதி உனக்கு உத்தரவு வந்திருக்கும். எங்களைத் தவிர ஒருவருக்கும் தெரிந்திருக்காது, நாங்களும் வாயைத் திறந்திருக்க மாட்டோம். நீ, "இல்லை. மணி அடிச்சுது, எங்க ரெண்டு பேருக்கும் கேட்டுது. நாங்க கேன்டீன்ல டீ குடிச்சிட்டு இருந்தோம். ஐயா நிக்கல" என்றாய். என் பக்கத்தில் மாமா கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

நீ மேடையை விட்டு இறங்கிப் பின்வாசலால் போய்விட்டாய். நேரே வீட்டுக்கு வருவாய் என்று சமைத்து வைத்துக் காத்திருந்தேன். அது போகட்டும். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கைகுலுக்கி கோபமே படவில்லை. மைக்கை எடுத்து, "பாவம், வேலை நிரந்தரம் ஆகலேன்னு பிள்ளைக்கு மனசு சரியில்ல. அவன்மேல கோவப்படாதீங்க" என்றார். பிறகு செய்திமடலை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். யாரோ சட்டைப் பையிலிருந்து தன் பிரதியை எடுத்தார். அப்புறம் இன்னொருவர். பாதிக் கூட்டத்தின் கையில் அது இருந்தது, எல்லாம் என் கடைப் பிரதி. டிக்கெட்காரர் கணீரென்று வாசித்தார், "ஆற்றங்கரை மக்களின் மூச்சு என் நெஞ்சில் இருக்கிறது" என்று ஆரம்பித்து, "நான் எழுந்து நின்றேன்" வரைக்கும். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கை தட்டினார்கள். படகு நிற்கப் போகிற படகுக்காரர்கள்தான் அத்தனை பேரும்.

மறுநாள் டிக்கெட்காரர் கடைக்கு வந்தார். ஜன்னலில் ஒட்டியது வெயிலில் வெளுத்துவிட்டதாம், புதுப் பிரதி வேண்டுமாம். என் தம்பி சொன்னதுதான் நிஜம் என்றேன். நீ எனக்கு எழுதிய கடிதத்தைக்கூட எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நல்ல மனிதர், என்னை நோகடிக்கக் கூடாதென்று மெதுவாகத்தான் சொன்னார்.

"உங்க தம்பி எழுத்துக்கு முன்னால உங்க தம்பி பேச்சு நிக்காதும்மா."

பிரதி போட்டுத் தர மாட்டேன் என்றேன். சில்லறையை மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாளாக என் கடைக்குப் படகுக்காரர்கள் யாரும் வருவதில்லை. நீ எதிர்க்கட்சியிடம் காசு வாங்கிவிட்டாயாம்.

மாமாவிடம், என் தம்பியை நீங்களாவது நம்புகிறீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "நம்பாம என்ன. ஊருக்கே சொல்லிட்டான். மே மாசம் எனக்கு ஒருத்தனுக்குச் சொல்லியிருந்தா போதும்" என்றார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஊரில் தலை காட்ட முடியாது என்று வராமல் இருந்துவிடாதே. வேலை இல்லாத ஆளாக வீட்டில் மாமா இருக்கத்தான் போகிறார், இன்னொருவருக்கும் பாய் இருக்கிறது. கடைசிப் படகு ஜூலை முப்பத்தொன்று மாலை. மாமாதான் ஓட்டுகிறார். அதற்குள் வந்து சேர். அதன்பின் வந்தால் பாலத்தைச் சுற்றி, பஸ் முதலாளிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

உன்
அக்கா